கடைசி நாற்காலிக்குக் கேட்குமா?

அத்தியாயம் 11

நீதிமன்றத்தின் பெரிய திரையில் முதலில் வந்தது சாட்சியம் இல்லை. அப்பா வந்தார்.

ஜோலின் மடிக்கணினியில் கம்பியைச் செருகினாள். கூரையில் எங்கோ ஒரு முனகல் கேட்டது. சுவரை அடைத்திருந்த திரை நீலமாக மினுங்கியது. அடுத்த நொடி, உறைந்த ஏரியின் மேல் ரெய்னோ மத்திலா சிரித்துக்கொண்டு நின்றார். கையில், செவுளில் விரல் கொடுத்துத் தூக்கிய ஒரு கொழுத்த மீன். தொப்பியின் காதுமடல்களில் ஒன்று மேலே மடிந்திருந்தது, ஒன்று கீழே தொங்கியது.

அவளுடைய கணினியின் முகப்புப் படம் அது. தினமும் பார்த்துப் பார்த்து, அது அங்கே இருப்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

ஜூரி நாற்காலிகளின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா வெர்னா, "ஐயோ" என்றாள். சத்தமாக இல்லை. சூடான பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டவள்போல.

"மாத்து ஜோலின்," என்றார் அவர்களுடைய வக்கீலம்மா மார்செல் போட்ரி. "நாளைக்கு இது தவறி வந்துச்சுன்னா, ஜூரி அழணும்னு வேணும்னே வச்சோம்னு எதிர்த்தரப்பு எந்திரிச்சு நிப்பான். நீதிபதியும் ஆமான்னுவார்."

ஜோலின் படத்தை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத்தை வைத்தாள். அப்பா போய்விட்டார். எடுத்ததற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் விரல் ஒரு கணம் தயங்கத்தான் செய்தது.

ரெய்னோ இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவருக்குச் சொந்தமாக ஒரு மர லாரி இருந்தது. மகன் கர்ட்டையும் கூட்டிக்கொண்டு மரம் அறுக்கும் மில்லுக்கு லோடு கொண்டுபோயிருந்தார். மில்லின் முற்றத்தில், மரம் தூக்கும் வண்டி பின்பக்கமாக வந்தது. அதன் சக்கரத்தில் அவர் சிக்கினார்.

அந்த மாதிரி வண்டி பின்னால் வரும்போது 'பீப் பீப்' என்று காது கிழியக் கத்த வேண்டும். கத்தியது, ரெய்னோதான் கவனிக்காமல் குறுக்கே போனார் என்கிறது மில். அந்தச் சத்தம் பல வாரமாகவே செத்துக் கிடந்தது, நானே போய்ச் சொல்லியிருக்கிறேன் என்கிறான் கர்ட். வழக்கு முழுவதும் இந்த ஒரு சத்தத்தில் நிற்கிறது.

விசாரணை நாளைக் காலை. இன்று மதியம் ஒரு மணி நேரம், காலி நீதிமன்றத்தை இவர்களுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். கொண்டுவந்த படம் இந்தத் திரையில் ஓடுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு. ஆறு வருடமாக மார்செலின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜோலின்தான் நாளைக்கும் கணினியில் உட்காரப் போகிறாள். வேறு ஆளைப் போடலாம் என்று மார்செல் சொன்னார். அவள் கேட்கவில்லை. அப்பாவின் கடைசி நிமிடத்தை யாரோ ஒருவன் தட்டி ஓடவிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இந்த ஓட்டை உங்க கம்பிக்குச் சேருதா?" என்று கேட்டபடி வந்தார் கோர்டி. நீதிமன்றக் காவலர். கதவு திறப்பது முதல் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வரை எல்லாம் அவர்தான். "நாலு வக்கீல்ல மூணு பேரு இங்க வந்து நின்னு முழிப்பாங்க."

"நாங்க மூணு வகை கொண்டாந்திருக்கோம் அண்ணே."

"ரெண்டாவது கம்ப்யூட்டரு?"

"இருக்கு. படம் தனியா ஒரு பென் டிரைவ்லயும் இருக்கு. கரண்டே போச்சுன்னா காட்ட அட்டையில ஒட்டின போட்டோவும் இருக்கு."

"பரவாயில்ல, வீட்டுப் பாடம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கீங்க." கோர்டி திருப்தியாகத் தலையாட்டினார். "மெசேஜ் வர்றதை மட்டும் மறக்காம அணைச்சிடுங்க. போன வருஷம் ஒரு வக்கீலு. கத்திக்குத்து கேஸு. ரத்தம் தோஞ்ச சட்டைய அந்தத் திரையில போட்டுட்டு, அப்படி உருகி உருகிப் பேசிட்டிருக்காரு. மூலையில 'டிங்'குன்னு ஒண்ணு வருது, அவரு வீட்டம்மாகிட்டருந்து. 'ஃப்ரீசர்ல இருந்து கறிய எடுத்து வெளிய வச்சீங்களா?'"

மார்செல் சிரித்துவிட்டார். வெர்னாகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வச்சிருந்தாரா?" என்று கேட்டாள் வெர்னா.

"அதத்தாம்மா ஜூரியும் தெரிஞ்சுக்கத் துடிச்சாங்க. கேஸை எவன் கேட்டான்?"

சிரிப்பு அடங்கியதும் கூடம் முன்னைவிட அமைதியானது. ஜன்னலுக்கு வெளியே ஏரியிலிருந்து வரும் காற்றில் பனி படுக்கைவாட்டில் பறந்துகொண்டிருந்தது.

"சரி," என்றார் மார்செல். "சத்தத்தைப் பாத்துடுவோம்."

வெர்னா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மில் முற்றத்துக் கேமராவில் படம் மட்டும்தான் பதிவாகும். இரண்டு வருடமாக எல்லோரும் பார்த்தது அந்த ஊமைப் படம். ரெய்னோ எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு, சூடேற்றிய ஓய்வறைப் பக்கம் நடக்கிறார். பாதியில் நிற்கிறார். திரும்பித் தன் லாரியை நோக்கி நடக்கிறார். அந்த வழியில்தான் வண்டி பின்னால் வருகிறது.

போன மாதம்தான், நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, மில் இன்னொன்றையும் கொடுத்தது. எடை நிலையத்து வாசலில், டிரைவர்கள் உள்ளே இருப்பவரோடு பேச ஒரு ஒலிப்பெட்டி உண்டு. அதில் பதிவான சத்தம். படத்தையும் சத்தத்தையும் நொடிக்கு நொடி பொருத்தி ஓட்ட நீதிபதி அனுமதித்திருந்தார்.

ஜோலினுக்கு அது மனப்பாடம். எஞ்சினின் உறுமல். பனியில் பூட்ஸ் நெரிபடும் ஓசை. ஒரு காகம். பிறகு தூரத்தில், லாரிப் பக்கமிருந்து, கர்ட்டின் குரல். அதில் ஒரு சிரிப்பு.

"அப்பா! வந்து இதப் பாரேன்!"

பூட்ஸ் ஓசை நிற்கிறது. திசை மாறுகிறது.

'பீப்' சத்தம் எங்கேயும் இல்லை.

அந்தப் பெட்டிக்கு அவ்வளவு தூரத்துச் சத்தம் எட்டாது என்று நாளைக்கு மில் வாதிடப் போகிறது. அதற்கு மார்செலிடம் இருக்கும் ஒரே பதில், அந்தக் குரல்தான். வண்டிக்கும் அப்பால் நின்றவனின் குரலே இவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது என்றால், வண்டி கத்தியிருந்தால் விழாமலா இருக்கும்?

வழக்கை ஜெயிக்க வைக்கும் குரல், அப்பாவைத் திரும்பி நடக்க வைத்த குரல்.

இது கர்ட்டுக்குத் தெரியாது. லாரியை நிறுத்தியதற்கும், பனியில் மண்டியிட்டு அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கும் நடுவில் இருந்த நிமிடங்கள் அவன் நினைவிலிருந்து துடைத்துப் போட்டதுபோல் போய்விட்டன. அதிர்ச்சியில் அப்படி ஆகும் என்றார் டாக்டர். ஊமைப் படத்தைப் பார்த்துவிட்டு அவன் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: அப்பா ஏன் திரும்பினார்?

"கையுறையை வண்டியில விட்டுட்டிருப்பாருடா," என்று வெர்னா ஒருநாள் சொன்னாள். அப்போது அவளுக்கும் தெரியாது. சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னது. தெரிந்த பிறகும் அதை மாற்றவில்லை. ஒலிப்பதிவில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதற்கு, "எஞ்சின் சத்தம்தான், வேற என்ன" என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசம் பொறுத்துட்டேன் வெர்னா," என்றார் மார்செல். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். "நீ கேட்டேங்கிறதுக்காக. இன்னிக்கு அவன் வர்றான். இன்னிக்குக் கேட்டுடணும்."

"அந்த நாலு வார்த்தைய மட்டும் வெட்டிடேண்டி."

"ஒரு நொடிய வெட்டினாலும் மொத்தமும் செத்துடும். பூசி மெழுகிட்டோம்னு சொல்லி அதைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க."

"போடட்டும். கேஸ் தோத்தாத் தோத்துட்டுப் போகுது."

"தோத்தா என்னாகும் தெரியுமா? ரெய்னோ கண்ணத் திறந்து பாக்காம போய் வண்டியில விழுந்தாருன்னு எழுதி வைப்பாங்க. முப்பது வருஷம் மர லாரி ஓட்டினவரு. அப்படி எழுதலாமா?"

வெர்னா எழுந்து, ஜூரி நாற்காலிகளின் பின்வரிசைக்கு, கடைசி மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். "போடு. கேக்குதான்னு இங்கருந்து சொல்றேன்."

ஜோலின் தட்டினாள். திரையில் சாம்பல் நிற முற்றம் வந்தது. அவள் திரையைப் பார்க்காமல், சத்தத்தின் அளவைக் காட்டும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கல," என்றாள் வெர்னா.

"அது ஹீட்டர் விசிறி," என்றார் கோர்டி. "அந்த மூலைக்கு நேர் மேல இருக்கு. உர்ருன்னுட்டே இருக்கும். குளிர்காலத்துல அந்தச் சீட்டுக்காரங்க பாதி கேஸைக் கேக்கிறதே இல்ல. தீர்ப்பு மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாங்க." சுவரோரம் போய் எதையோ திருகினார். இவ்வளவு நேரம் இருந்ததே தெரியாத ஒரு இரைச்சல் நின்றது. "நாளைக்கு இத அணைக்கணும்னா முன்கூட்டியே நீதிபதிகிட்ட கேட்டுடுங்க."

மார்செல் குறித்துக்கொண்டார். ஜோலின் மறுபடி ஓட்டினாள்.

"கேக்கல."

சத்தத்தைக் கூட்டினாள்.

"இல்ல. ஒண்ணுமே கேக்கல."

இன்னும் கூட்டினாள். எஞ்சின் உறுமலில் தண்ணீர்க் குவளை மேசைமேல் அதிர்ந்தது. கடைசி நாற்காலியிலிருந்து அதே பதில்தான் வந்தது.

ஜோலின் எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோர்டி அண்ணே, அந்தப் பட்டனைத் தட்டுங்க."

உறுமல். பூட்ஸ். காகம். தம்பியின் சிரித்த குரல், காதுக்குப் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டதுபோல.

ஜோலின் அம்மாவைப் பார்த்தாள். வெர்னா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. கைப்பையின் பட்டை விரல்களில் முறுக்கிக் கிடந்தது.

"அம்மா."

"எனக்குக் கேக்கலடி," என்றாள் வெர்னா. "கேக்கலன்னா விட்ருவீங்கன்னு நெனச்சேன்."

கோர்டி கதவுப் பக்கம் போய், இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு நின்றார். ஜோலினுக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதமாகத் தானும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. தம்பி போன் செய்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவாள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய சாப்பாட்டு நேரங்களில் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் கதவு திறந்தது.

"என்ன இது, சர்ச் மாதிரி இருக்கு. யாருக்குக் கல்யாணம்?"

கர்ட். தோளில் பனி. விசாரணைக்கென்று வாங்கின டையை இன்றைக்கே கட்டிப் பழகியிருந்தான். முடிச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இருந்தது. கையில் ஒரு காகிதப் பை. மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டியின் வாசனை கூடம் முழுவதும் பரவியது.

"மாப்ள வந்தாச்சு, பொண்ணத்தான் காணோம்," என்றார் கோர்டி. "உள்ள தின்பண்டம் கூடாது தம்பி. இங்க குடு, நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்கிட்டா வெறும் பைதான் திரும்ப வரும்."

"அனுபவம் பேசுது."

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கர்ட்டின் சிரிப்பு நின்றது. "அழுதியா?"

"பனி. கண்ணுல தண்ணி வருது."

"உள்ள ஏதும்மா பனி?"

மார்செல் குறுக்கே வந்தார். "வா கர்ட். மேல ஏறி உக்காரு. நாளைக்கு எங்க உக்காரணும், எதைத் தொடணும்னு காட்டிடறேன்."

சாட்சிக் கூண்டில் ஒரு சின்னத் திரை பதித்திருந்தது. அதில் விரலால் கோடு போட்டால் பெரிய திரையிலும் விழும். ஜோலின் முற்றத்தின் படத்தை அசையாமல் நிறுத்தி அனுப்பினாள்.

"லாரி எங்க நின்னுச்சுன்னு வட்டம் போடு."

கர்ட் போட்டான். ஒன்றும் விழவில்லை. அழுத்தினான். விழவில்லை.

"கை ஈரமா இருந்தா எடுக்காது," என்று கதவோரமிருந்து குரல் கொடுத்தார் கோர்டி. "துடச்சிட்டு மெதுவா. கதவைத் தட்டுற மாதிரி தட்டாத."

கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டான். சிவப்பாக ஒரு வட்டம் விழுந்தது, குழந்தை போட்டதுபோல் கோணலாக. அவனுக்கே சிரிப்பு வந்தது.

"வண்டி எங்கருந்து வந்துச்சு?"

ஒரு கோடு.

"அப்பா?"

விரல் ஓய்வறைப் பக்கம் ஒரு கோடு போட்டது. நின்றது. அங்கிருந்து திரும்பி, லாரியை நோக்கி இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்த இடத்திலேயே விரல் நின்றுவிட்டது.

"இந்த இடம்," என்றான். "எத்தனை தடவ பாத்துட்டேன் ஆன்ட்டி. உள்ள சூடா காப்பி இருக்கு. வெளிய அந்தக் குளிரு. பாதி தூரம் போயாச்சு. கையுறைக்காகவா ஒருத்தர் திரும்புவாரு?"



மார்செல் ஜோலினைப் பார்த்தார். ஜோலினின் விரல் பட்டன்மேல் இருந்தது. இப்போதே தட்டலாம், நான்கு வார்த்தைதான். ஆனால் தம்பி உயரத்தில், தனியாக, டை கட்டி உட்கார்ந்திருந்தான். எதிர்த்தரப்பு நாளைக்குச் செய்யப்போவதும் இதேதான். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா," என்றாள். "நீ சொல்லு."

வெர்னா எழுந்தாள். கடைசி மூலையிலிருந்து சாட்சிக் கூண்டு வரைக்கும் நடந்து வர அவளுக்கு நெடுநேரம் ஆனதுபோல் இருந்தது. கூண்டின் மரச்சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றி, மகனை அண்ணாந்து பார்த்தாள்.

"கையுறை இல்லடா. அது நானா சொன்னது."

"பின்ன?"

"சத்தத்துல எஞ்சின் மட்டும் இல்ல. உன் குரலும் இருக்கு. நீ அப்பாவைக் கூப்பிடற. நீ கூப்பிட்டுத்தான் அவரு திரும்பினாரு."

கர்ட் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் புரியாததுபோல இருந்தது. அல்லது எப்போதோ புரிந்துவிட்டதுபோல.

"கூப்பிட்டது தப்பில்லடா கண்ணு," என்று வெர்னா அவசரமாகச் சொன்னாள். "எல்லாப் பிள்ளையும் அப்பாவக் கூப்பிடும். அந்த வண்டி கத்தியிருந்தா அவரு நின்னிருப்பாரு. உன் குரல் இருக்கிறதாலதான் அது கத்தலன்னே ஜூரிக்குக் காட்ட முடியுதுன்னு மார்செல் சொல்றா. நீதான் அப்பாவுக்காகப் பேசற. கேட்டியா? நீதான்…"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"ரெண்டு வருஷமா அந்தக் கையுறைய வண்டியில தேடிட்டிருக்கேம்மா," என்றான் கர்ட். "சீட்டக் கழட்டிக்கூடப் பாத்தேன்."

வெர்னா சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் குனிந்து, அவள் தலைமேல் கையை வைத்தான். கோர்டி எப்போதோ வெளியே போயிருந்தார்.

"போடு அக்கா," என்றான் கடைசியில்.

போட்டாள்.

குரல் வந்தபோது அவன் அசையவில்லை. இமைகூட அசையவில்லை. அதன் பிறகு வந்தவற்றை ஜோலின் கேட்காமல் இருக்கப் பழகியிருந்தாள். மார்செல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்ததும் கர்ட், "நான்தான்," என்றான், யாரோ அடையாளம் கேட்டதுபோல.

பிறகு, "சிரிக்கிறேன்," என்றான்.

"ஆமாண்டா."

"இன்னொரு தடவ."

"வேணாம்," என்றாள் வெர்னா.

"இன்னொரு தடவ போடு அக்கா."

அந்தக் குரல் வரைக்கும் மட்டும் ஓட்டி நிறுத்தினாள். *அப்பா! வந்து இதப் பாரேன்!* கூடத்தில் அது எங்கும் மோதாமல் கரைந்தது.

"எதைப் பாக்கச் சொன்னேன்?"

ஜோலின் திரையைப் பார்த்தாள். படத்தில் லாரியின் பின்பாதி மட்டும்தான் தெரியும். கர்ட் நின்ற இடம் படத்தில் இல்லை. அவன் எதைக் கண்டு அப்படிச் சிரித்தான் என்பது இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்க முடியும். அவனுக்கே அது தெரியவில்லை.

"நாளைக்கு மில்லோட வக்கீல் கேக்கப்போற முதல் கேள்வியே அதுதான்," என்றார் மார்செல். வக்கீல் குரல் இல்லை அது. "அவ்வளவு முக்கியமா எதைக் காட்டக் கூப்பிட்டன்னு. உன்னால வந்ததுன்னு காட்டத்தான் கேப்பான். ஞாபகம் இல்லன்னா இல்லன்னு சொல்லு. அதுவே உண்மை. ஜோடிச்சு எதையும் சொல்லாத."

"அம்மா கேட்டுட்டு உக்காந்திருப்பாங்களா?"

"இருப்பேன்," என்றாள் வெர்னா.

அவன் கூண்டை விட்டு இறங்கினான். வாசலுக்குப் போகப் போகிறான் என்றுதான் ஜோலின் நினைத்தாள். போகவில்லை. ஜூரி நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு போய், அம்மா உட்கார்ந்திருந்த அதே மூலையில் உட்கார்ந்தான்.

"நான் வந்தப்ப இங்க கேக்குதான்னுதான பாத்துட்டிருந்தீங்க? போடு. முழுசா."

"கர்ட், போதும்டா."

"வேலையை முடிச்சிட்டுப் போலாம் அக்கா."

மூன்றாவது தடவை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முழங்கால்மேல் இருந்த கை மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தது. முடிந்ததும் உடனே கண்ணைத் திறக்கவில்லை.

"கேக்குது," என்றான். "என் குரல் கேக்குது. பூட்ஸ் கேக்குது. பீப் இல்ல."

கதவில் தட்டும் சத்தம். கோர்டி தலையை நீட்டினார். "வக்கீலம்மா, நேரம் ஆச்சு. அடுத்து அவங்க."

மில்லின் ஆட்கள் நடைபாதையில் காத்திருந்தார்கள். சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகள், படம் ஓட்ட நகரத்திலிருந்து வரவழைத்த ஒரு இளைஞன், அவனுடன் இன்னொருவன். எதிர்த்தரப்பு வக்கீல் வெர்னாவைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். "பாத்துப் போங்கம்மா, படியெல்லாம் வழுக்குது," என்றார். நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். வெர்னா, "நன்றி" என்றாள். பழக்கம்.

கர்ட் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோர்டியிடமிருந்து பையை வாங்கிக்கொண்டான். எடை பார்க்கிறவன்போல அதைத் தூக்கிப் பார்த்தான்.

"தொடல தம்பி," என்றார் கோர்டி. "இன்னிக்குத் தொட மனசு வரல."

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. அந்த நேரத்துக்குள் கார்க் கண்ணாடியில் பனி தடித்திருந்தது. வெர்னாவை முன் சீட்டில் உட்கார வைத்து, ஹீட்டரைப் போட்டுவிட்டு, கர்ட் சுரண்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தான். மார்செல் தன் காருக்குப் போய்விட்டார். நாளை காலை எட்டரைக்கு எல்லோரும் இங்கே இருக்க வேண்டும்.

ஜோலின் கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் நின்றாள்.

"மன்னிச்சுக்கடா," என்றாள். "எனக்கும் ஒரு மாசமாத் தெரியும்."

"உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல." அவன் சுரண்டிக்கொண்டே இருந்தான். பனிச் சிம்புகள் அவன் கைமேல் விழுந்தன. பிறகு, தலை நிமிராமல் சொன்னான்:

"ஞாபகம் வந்துடுச்சு அக்கா."

"எப்போ?"

"கடைசி சீட்ல. கண்ண மூடினப்ப."

"எல்லாமா?"

"எதைக் காட்டக் கூப்பிட்டேன்னு."

"என்னடா அது?"

கர்ட் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். வெர்னா இரண்டு கையையும் ஹீட்டர் காற்றில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சின்ன விஷயம்தான். ஒண்ணுமே இல்லாத விஷயம்." சுரண்டியில் ஒட்டிய பனியைத் தட்டினான். "அதான் சொல்ல முடியல."

"மார்செல் ஆன்ட்டிக்குச் சொல்லியே ஆகணும்டா. என்ன பதில் வரும்னு தெரியாம அவங்க உன்னைக் கூண்டுல ஏத்தவே மாட்டாங்க. நமக்கே எதிரா முடிஞ்சிடும்."

"சொன்னா, இன்னிக்குச் சாயங்காலம் அவங்க ஆபீஸ்ல உக்கார வச்சு அதப் பத்து தடவ சொல்ல வைப்பாங்க. இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதன்னு திருத்துவாங்க. என்னால முடியாது. ஒரு தடவதான் என்னால சொல்ல முடியும் அக்கா. அத அங்க சொல்லிடறேன்."

"அம்மா இருப்பாங்கடா."

"இருக்கட்டும். அவங்களும் ஒரு தடவதான் கேக்க முடியும்."

அவன் அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்குப் போய்விட்டான். சுரண்டும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

ஜோலின் கைப்பேசியை எடுத்தாள். மார்செலின் பெயர் வரைக்கும் போனாள். கார் நிறுத்தும் இடத்தின் மறுகோடியில் மார்செலின் கார் இன்னும் கிளம்பவில்லை. பின் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

காருக்குள்ளிருந்து வெர்னா, சுரண்டித் தெளிந்த இடத்தின் வழியாக, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினீர்கள் என்று கையை விரித்துக் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று ஜோலின் தலையசைத்தாள்.